மூச்சு சீராக இருக்கும்போது சளியில் ஏன் இவ்வளவு புரதம்?

கேள்வி: என் மகனுக்கு வயது 19. ஆறு வயதிலிருந்து ஆஸ்துமா. காலையும் இரவும் இழுக்கச் சொல்லி ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். ஒரு வருடமாக இழைப்பு பெரிதாக இல்லை என்பதால் ஐந்து மாதத்துக்கு முன்பு அவனே அதை நிறுத்திவிட்டான். மூச்சு முட்டினால் உடனடி நிவாரண இன்ஹேலரை மட்டும் இழுத்துக்கொள்கிறான். வாரத்துக்கு மூன்று நான்கு தடவை இருக்கும். சென்ற மாதம் மருத்துவரிடம் போனபோது ஊதிப் பார்க்கும் சோதனை நார்மல். ஆனால் உப்புநீர் நெபுலைசர் வைத்துச் சளி எடுத்துப் பார்த்துவிட்டு, "இயோசினோஃபில் 9 சதவீதம், ஆல்புமினும் இயோசினோஃபில் புரதமும் கூடியிருக்கின்றன, இன்ஹேலரை நிறுத்தியது தப்பு" என்று சொல்லிவிட்டார். சிறுநீரில் புரதம் போனால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்பார்களே, அதுபோல நுரையீரல் கெட்டுவிட்டதா? புரதச் சத்துள்ள சாப்பாட்டைக் குறைக்க வேண்டுமா? மூச்சு நன்றாக இருக்கும்போது எதற்கு ஸ்டீராய்டு? கடைசியில் ஊசி மருந்து வரை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

வணக்கம் அம்மா.

சாப்பாட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உங்கள் மகன் சாப்பிடும் புரதத்துக்கும் அவன் சளியில் இருக்கும் புரதத்துக்கும் தொடர்பே இல்லை. உணவிலுள்ள புரதம் குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துதான் உடம்புக்குள் போகிறது. மூச்சுக்குழாயில் இருக்கும் புரதங்கள் அங்கேயே உள்ள செல்கள் தயாரித்தவை, அல்லது ரத்தத்திலிருந்து வந்து சேர்ந்தவை. 19 வயதுப் பையனுக்குப் புரதத்தைக் குறைத்தால் நஷ்டம்தான் மிஞ்சும். வழக்கம்போலச் சாப்பிடட்டும்.

நுரையீரல் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் அந்தச் சளி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. அதைப் புரிந்துகொண்டால் உங்கள் மருத்துவர் ஏன் அவ்வளவு கண்டிப்பாகப் பேசினார் என்பதும் புரிந்துவிடும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் எல்லோருடைய மூச்சுக்குழாயின் உட்சுவரிலும் ஒரு நீர்ப்படலம் உண்டு. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். சுவரில் உள்ள நுண்மயிர்கள் வினாடிக்குச் சுமார் பத்துத் தடவை அசைந்து அந்தப் படலத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே போகும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு தொண்டைக்கு வந்துவிடும். நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். இந்தப் படலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை இன்றைய கருவிகள் அடையாளம் காண்கின்றன. நோய் எதிர்ப்புக்கு இம்யூனோகுளோபுலின் ஏ, பாக்டீரியாவின் சுவரை உடைக்க லைசோசைம், பாக்டீரியாவுக்கு இரும்பு கிடைக்காமல் பிடித்துவைத்துக்கொள்ள லாக்டோஃபெரின், நம் வெள்ளணுக்கள் விடும் நொதிகள் நம்மையே அரித்துவிடாமல் தடுக்க ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஆல்புமினும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஆகவே சளியில் புரதம் இருப்பது நோயல்ல. எந்தப் புரதம் கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

ஆஸ்துமாவில் இந்தக் கலவை மாறிவிடுகிறது. உங்கள் மகன் ரிப்போர்ட்டில் வந்த ஆல்புமினை எடுத்துக்கொள்வோம்.

ஆல்புமின் ரத்தத்தில் உள்ள புரதங்களிலேயே அதிகமானது. ரத்தக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியது. மூச்சுக்குழாய்ச் சுவரில் அழற்சி இருக்கும்போது ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற பொருள்கள் வெளிவந்து, அங்குள்ள மிகச் சிறிய ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே இடைவெளி உண்டாக்குகின்றன. அந்த இடைவெளி வழியே ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிகிறது. ஆல்புமின் மட்டும் வருவதில்லை. ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்ற மிகப் பெரிய புரதமும், ரத்தம் உறைவதற்கான ஃபைப்ரினோஜனும்கூட வெளியே வந்துவிடும். அவ்வளவு பெரியவை வெளியே வருகின்றன என்றால் இடைவெளி சிறியது இல்லை என்று அர்த்தம்.

சிறுநீரகத்தோடு ஒப்பிட்டது உங்கள் பயத்தால் வந்தது என்றாலும், ஒருவகையில் பொருத்தமானதுதான். இரண்டிலும் நடப்பது கசிவு. வித்தியாசம் எங்கே என்றால், சிறுநீரகத்தில் வடிகட்டியே பழுதாகி, நாளுக்கு நாள் புரதம் உடம்பைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தில் ஆல்புமின் குறைந்து கால் வீங்கும். மூச்சுக்குழாயில் கசிவது அளவில் மிகக் கொஞ்சம். அதனால் உடம்பின் ஆல்புமின் குறையாது. அழற்சி அடங்கினால் இடைவெளிகள் மூடிக்கொள்ளும்.

கொஞ்சம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. கசிந்த நீரால் குழாயின் சுவர் வீங்குகிறது, உள்ளே காற்று போகும் வழி குறுகுகிறது. இன்னொன்று, பலரும் கேள்விப்படாதது. மிகச் சிறிய மூச்சுக்குழாய்கள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்திருப்பதற்கு சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான படலம் உதவுகிறது. ஆல்புமினும் ஃபைப்ரினோஜனும் உள்ளே வந்தால் அந்தப் படலத்தின் வேலையைக் கெடுத்துவிடும். அப்போது அந்தச் சிறு குழாய்கள் மூச்சை வெளியே விடும்போது மூடிக்கொள்ளத் தொடங்கும். பெரிய குழாய்கள் நன்றாக இருக்கும்வரை ஊதிப் பார்க்கும் சோதனையில் இது அவ்வளவாகத் தெரியாது.

அடுத்தது இயோசினோஃபில். இது ஒரு வகை வெள்ளணு. ஆரோக்கியமானவர்களின் சளியில் நூறு செல்களை எண்ணினால் இது இரண்டோ மூன்றோதான் இருக்கும், பெரும்பாலும் அதற்கும் குறைவு. உங்கள் மகனுக்கு 9. இந்த வெள்ளணுவுக்குள் சிறுசிறு மணிகள்போல நிறைய பொதிகள் உண்டு. புழுக்களைக் கொல்வதற்காக ஏற்பட்ட கடுமையான புரதங்கள் அவற்றில் அடைக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்றைத்தான் 'இயோசினோஃபில் புரதம்' என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முழுப்பெயர் இயோசினோஃபில் கேட்டயானிக் புரதம். கொல்லப் புழு எதுவும் இல்லாத இடத்தில் இந்தப் பொதிகள் வெடித்தால் அடி வாங்குவது மூச்சுக்குழாயின் சொந்தத் தோல்தான்.

அதே பொதியில் உள்ள மேஜர் பேசிக் புரதம் என்ற இன்னொன்று செய்யும் காரியம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். மூச்சுக்குழாய்த் தசையைச் சுருங்கச் செய்யும் நரம்பின் முனையில், 'போதும், இனி சுரக்காதே' என்று சொல்லும் ஒரு பிரேக் உண்டு. இந்தப் புரதம் அந்தப் பிரேக்கைப் போய் அடைத்துவிடுகிறது. பிறகு சின்னத் தூண்டுதலுக்கும் நரம்பு நிற்காமல் சுரக்கும். தசை அளவுக்கு மீறி இறுகும். குளிர்ந்த காற்று, புகை, ஒரு சிரிப்பு, கொஞ்சம் ஓட்டம், இவை போதும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாதது உங்கள் மகனுக்கு மட்டும் ஏன் இழைப்பைத் தருகிறது என்று யோசித்திருப்பீர்கள். அதற்கான காரணங்களில் இது ஒன்று.

சளியின் குணமும் மாறுகிறது. சளிக்குப் பிசுபிசுப்பைத் தருவது மியூசின் என்ற நீண்ட புரத இழைகள். மூச்சுக்குழாயில் முக்கியமானவை இரண்டு: மியூசின் 5பி, மியூசின் 5ஏசி. சாதாரணமாக 5பி தான் அதிகம். குப்பையைச் சுமந்துகொண்டு சுலபமாக நகரும். ஆஸ்துமாவில், முக்கியமாக இன்டர்லூக்கின்-13 என்ற தூதுப் புரதம் கூடும்போது, 5ஏசி பெருகுகிறது. இது சுரந்த செல்லைவிட்டு எளிதில் பிரிவதில்லை, சுவரோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது. நுண்மயிர்கள் தள்ளினாலும் நகராது. போதாக்குறைக்கு, இயோசினோஃபிலின் பெராக்சிடேஸ் என்ற நொதி மியூசின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இன்னும் கெட்டியாக்குகிறது. இப்படி உருவாகும் சளிக்கட்டி சிறு குழாயைத் தக்கைபோல அடைத்துவிடும். கடுமையான ஆஸ்துமா உள்ள சிலருக்கு சி.டி. ஸ்கேனில் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இந்தக் கட்டி இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்துமாவால் இறந்தவர்களின் நுரையீரலில் பெரும்பாலும் காண்பதும் இந்த அடைப்புகளைத்தான். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் மகன் அந்த நிலையில் இல்லை. ஆனால் அந்தப் பாதை எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

சளியில் பார்த்த ஒரு பழைய அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். 1872இல் லைடன் என்ற ஜெர்மன் மருத்துவர் ஆஸ்துமா நோயாளிகளின் சளியில் இருபுறமும் கூரான, கண்ணாடிபோன்ற படிகங்களைப் பார்த்தார். சுமார் இருபது வருடம் முன்பு, 1853இல், பிரான்சில் ஷார்கோ அதே படிகங்களை வேறொரு நோயில் பார்த்திருந்தார். அதனால் ஷார்கோ-லைடன் படிகங்கள் என்று பெயர். அவை கேலக்டின்-10 என்ற இயோசினோஃபில் புரதம் உறைந்து உருவானவை. வெறும் கழிவு என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். 2019இல் வந்த ஆய்வு, எலிகளில் அந்தப் படிகங்களே புதிதாக அழற்சியைக் கிளப்பும் என்று காட்டியது. அதாவது அழற்சி விட்டுச்செல்லும் மிச்சமே அடுத்த அழற்சிக்கு விறகாகிறது. இதனால்தான் 'லேசாகத்தான் இருக்கிறது, தானாக அடங்கட்டும்' என்று நான் விடுவதில்லை.

கூடியவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், குறைந்துபோவதும் உண்டு. கிளப் செல் என்ற சிறு செல்கள் சுரக்கும் சி.சி.16 என்ற புரதம் அழற்சியை அடக்கிவைக்கும் தன்மை உடையது. ஆஸ்துமா உள்ளவர்களிடம் அது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எரிக்கும் பொருள் கூடி, அணைக்கும் பொருள் குறைந்த நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு நடக்கும்போது ஊதிப் பார்த்த சோதனை எப்படி நார்மலாக வந்தது?

அந்தச் சோதனை அளப்பது அந்த நேரத்தில் காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதை. தசை இறுகாமல் இருந்தால், பெரிய குழாய்கள் திறந்திருந்தால், நல்ல எண் வரும். சுவருக்குள் அழற்சி இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. 19 வயது நுரையீரலுக்குச் சேமிப்பும் நிறைய உண்டு. கொஞ்சம் இழந்தாலும் வெளியே தெரியாது. ஆஸ்துமாவே ஏறி இறங்கும் நோய். காலை 11 மணிக்கு நார்மலாக இருப்பவருக்கு விடியற்காலை 4 மணிக்கு இழைப்பு இருக்கலாம்.

நிவாரண இன்ஹேலர் விஷயத்திலும் இதே குழப்பம்தான். அது இறுகிய தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகிவிடும், 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். கசிவு, இயோசினோஃபில், கெட்டிச் சளி எதையும் அது தொடுவதில்லை. அதை மட்டுமே நம்பி அடிக்கடி இழுத்துக்கொண்டிருந்தால், மருந்தின் பலன் மெல்லக் குறைந்து மூச்சுக்குழாய் இன்னும் எளிதில் சீண்டப்படும் நிலைக்குப் போகும். இதனால்தான் 2019இலிருந்து உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டியான 'ஜினா', 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் நிவாரண இன்ஹேலர் மட்டும் கொடுத்து ஆஸ்துமாவைக் கவனிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. வாரத்தில் மூன்று நான்கு தடவை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நிவாரணி தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். 'மூச்சு நன்றாக இருக்கிறது' என்று உங்கள் மகன் சொல்வது பொய் இல்லை, பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். வேலைக்கு வந்த புதிதில், மூச்சுச் சோதனை நன்றாக இருக்கிறது என்று ஒரு இளைஞருக்குத் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் முழுவதுமே நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில், சாதாரண ஜலதோஷத்தோடு, பேச முடியாத நிலையில் அவசரப் பிரிவுக்கு வந்தார். பிழைத்துக்கொண்டார். அன்று அவர் துப்பிய சளியை நுண்ணோக்கியில் பார்த்தேன். எங்கு திருப்பினாலும் இயோசினோஃபில். ஊதிப் பார்த்த அன்றே அந்தச் சளியைப் பார்த்திருந்தால் குறைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் மருத்துவர் பார்த்திருக்கிறார். அது உங்கள் மகனுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

சளியைப் பார்த்து மருந்தை முடிவு செய்வதில் உண்மையில் பலன் உண்டா என்றால், உண்டு. 2002இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பிரிட்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மிதமானது முதல் கடுமையானது வரை ஆஸ்துமா உள்ள 74 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறிகுறியையும் மூச்சு அளவையும் பார்த்து வழக்கம்போலச் சிகிச்சை செய்தார்கள். மற்றக் குழுவுக்குச் சளியில் இயோசினோஃபிலை 3 சதவீதத்துக்குள் வைப்பதை இலக்காக்கினார்கள். ஒரு வருடத்தில் முதல் குழுவில் 109 கடுமையான தாக்குதல்கள், இரண்டாவதில் 35. இவ்வளவுக்கும் இரண்டு குழுவுக்கும் கொடுத்த ஸ்டீராய்டின் மொத்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. தேவையானவருக்குத் தேவையான நேரத்தில் போய்ச் சேர்ந்தது, அதுதான் விஷயம்.

இப்போது ஸ்டீராய்டு பயம். இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் கணக்கு. குறைந்த அளவு என்றால் பூடெசோனைடு என்ற ஸ்டீராய்டில் ஒரு நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். அது வேலை செய்வதும் முக்கியமாக மூச்சுக்குழாயில்தான். அங்கே அது இயோசினோஃபில்களை வரவழைக்கும் தூதுப் புரதங்களின் உற்பத்தியை அடக்குகிறது, வந்துவிட்ட இயோசினோஃபில்கள் சீக்கிரம் மடிய வழி செய்கிறது, கசியும் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. சில வாரங்களிலேயே சளியில் இயோசினோஃபில் எண்ணிக்கை இறங்குவதைப் பார்க்கலாம். நிறுத்தினால் அதேபோல ஏறிவிடும்; உங்கள் மகனுக்கு நடந்தது அதுதான். எலும்பு, கண், சர்க்கரை என்று நாம் அஞ்சும் பாதிப்புகள் அதிகமும் வருவது மாத்திரை ஸ்டீராய்டில். ஒவ்வொரு கடுமையான தாக்குதலுக்கும் ஐந்து நாள், ஏழு நாள் என்று 40 மில்லிகிராம் மாத்திரை கொடுக்க வேண்டிவரும். இன்ஹேலரை ஒழுங்காக இழுப்பதே அந்த மாத்திரைகளிலிருந்து தப்பிக்கும் வழி. வாயில் வெள்ளைப் படலம், குரல் கம்மல் இரண்டும் இன்ஹேலரிலும் வரலாம். இழுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்து இழுத்தால் இன்னும் நல்லது.

தினம் இரண்டு வேளை என்றால் இந்த வயதுப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். திட்டிப் பயனில்லை. உங்கள் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: குறைந்த அளவு ஸ்டீராய்டும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெரால் என்ற மருந்தும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை நிவாரணியாகவும் வைத்துக்கொள்ளலாமா என்று. இன்றைய வழிகாட்டிகள் அதைத்தான் முதலில் சொல்கின்றன. மூச்சு முட்டும்போது அவன் கை தானாகப் போகும் இன்ஹேலரிலேயே அழற்சிக்கான மருந்தும் இருக்கும். தினமும் ஒரு வேளையோ இரண்டு வேளையோ வேண்டுமா என்பதை அவனைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 9 சதவீதம் இருக்கும்போது கொஞ்ச காலமாவது தினமும் எடுக்கச் சொல்வார் என்றே நினைக்கிறேன்.

ஊசி மருந்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது உங்கள் மகன் அந்த இடத்துக்கு அருகிலேயே இல்லை. இன்ஹேலரை அதிக அளவில், சரியான முறையில் எடுத்தும் தாக்குதல்கள் நிற்காதவர்களுக்கானவை அவை. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பது உங்கள் ரிப்போர்ட்டோடு தொடர்புள்ளது. மூச்சுக்குழாய் நீரில் எந்தப் புரதங்கள் கூடுகின்றன, அவற்றை யார் ஏவுகிறார்கள் என்று தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்த மருந்துகளின் இலக்குகள். ஓமலிசுமாப், ஒவ்வாமைக்குக் காரணமான இம்யூனோகுளோபுலின் ஈ-யைப் பிடிக்கிறது; மெப்போலிசுமாப் இயோசினோஃபிலை வளர்க்கும் இன்டர்லூக்கின்-5ஐ; டூப்பிலுமாப் இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் வழியையும் அடைக்கிறது; டெசெபெலுமாப் இன்னும் மேலே, சுவரிலிருந்து முதலில் எழும் எச்சரிக்கைப் புரதத்தையே தடுக்கிறது. முதலாவது 2003இல் வந்தது, கடைசியாகச் சொன்னது 2021 டிசம்பரில். எதிர்காலத்தில் எப்போதாவது தேவைப்பட்டால் நல்ல வழிகள் இருக்கின்றன என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஆஸ்துமாவும் இப்படி இயோசினோஃபில் வகையாக இருப்பதில்லை. சிலருடைய சளியில் நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளணுவும், அது விடும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகளும் கூடியிருக்கும். அவர்களுக்கு ஸ்டீராய்டு இவ்வளவு கைகொடுக்காது. உங்கள் மகனுக்கு வந்திருப்பது ஸ்டீராய்டுக்கு நன்றாகப் படியும் வகை. புகை பிடித்தால் இந்தப் பலனும் குறையும். அவன் புகைக்கிறானா, இ-சிகரெட் இழுக்கிறானா என்று மருத்துவர் தனியாகக் கேட்கட்டும். அப்போது நீங்கள் அறைக்கு வெளியே இருப்பது நல்லது.

அடுத்து, இந்தப் புரத எண்களைத் துரத்த வேண்டாம். ஆறு மாதம் கழித்து வேறு ஆய்வகத்தில் ஆல்புமின் எவ்வளவு என்று ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும். சளியில் எச்சில் எவ்வளவு கலந்தது, கெட்டியைக் கரைக்க என்ன சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆராய்ச்சிக்காக பிராங்கோஸ்கோப் என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு உப்புநீரால் கழுவி எடுக்கும்போது இன்னும் சிக்கல். திரும்ப உறிஞ்சி எடுக்கும் நீரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் உண்மையான படலத்தின் நீர், மீதி நாமே ஊற்றிய உப்புநீர். அந்தக் கலப்பைக் கணக்கிட யூரியாவை அளப்பார்கள்; ரத்தத்திலும் படலத்திலும் அது ஒரே செறிவில் இருக்கும் என்பதால், எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இத்தனை நுணுக்கம் உள்ள சோதனை வழக்கமான கவனிப்புக்கு ஏற்றது இல்லை. உங்கள் மகனுக்குக் குழாய்ச் சோதனை எதுவும் தேவையில்லை.

தொடர்ந்து கவனிக்க எளிய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று ரத்தத்தில் இயோசினோஃபில் எண்ணிக்கை. இன்னொன்று மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளக்கும் சோதனை. ஒரு கருவியில் பத்து வினாடி சீராக ஊதினால் போதும். இன்டர்லூக்கின்-13 தூண்டினால் மூச்சுக்குழாய்ச் செல்கள் ஒரு நொதியைக் கூடுதலாகத் தயாரிக்கும். அந்த நொதிதான் இந்த வாயுவை உண்டாக்குகிறது. பெரியவர்களுக்கு 25 பி.பி.பி.க்கு (நூறு கோடிப் பங்கில் 25 பங்கு) கீழே என்றால் இந்த வகை அழற்சி குறைவு, 50க்கு மேல் என்றால் அதிகம். இன்ஹேலரை மறுபடி தொடங்கிய பிறகு அந்த எண் இறங்குவதை மகனே கண்ணால் பார்த்தால், நாம் நூறு தடவை சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், நிவாரணியை இழுத்தும் அடங்கவில்லை என்றால் அல்லது அடங்கிச் சிறிது நேரத்தில் திரும்ப வந்தால், உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஜலதோஷம் பிடித்திருக்கும் நாட்களில் இன்னும் கவனமாக இருங்கள். இயோசினோஃபில் நிறைந்த மூச்சுக்குழாயில் சாதாரண ஜலதோஷ வைரஸ்கூடப் பெரிய தாக்குதலைக் கிளப்பிவிடும்.

இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து இன்ஹேலரைத் திரும்பத் தொடங்குங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா இன்ஹேலரையும் கையோடு எடுத்துப் போங்கள், காலியானவற்றையும் சேர்த்து. ஒரு வருடத்தில் எத்தனை நிவாரணி தீர்ந்திருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்க்கட்டும். மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் அது அவருக்கு ஒரு முக்கியமான தகவல். மகனை அவர் முன்னாலேயே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பதின்மூன்று வருடமாக இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள்கூட மருந்தைத் தொண்டையிலேயே விட்டுவிடுவதை நான் வாராவாரம் பார்க்கிறேன்.